எண்ணெய்க்குப் பின் வரும் உலகு: நார்வே தரும் பாடம்

(விழாப் பேரவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எண்ணெயின் கதை ஒரு விளக்கில் தொடங்குகிறது. 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள டைட்டஸ்வில் என்னும் சிற்றூரில், எட்வின் டிரேக் என்பவர் தோண்டிய கிணற்றில் ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் எண்ணெய் ஊறியது. அன்று மக்கள் அதிலிருந்து விரும்பியது ஒன்றே: விளக்கெரிக்க மண்ணெண்ணெய். அதற்கு முன் வசதியுள்ளோர் வீடுகளில், கடலில் திமிங்கிலங்களைக் கொன்று உருக்கிய நெய் எரிந்தது. ஆயிரமாயிரம் பேருயிர்களின் அழிவில் ஏற்றப்பட்ட அவ்விளக்குகள், மண்ணெண்ணெய் வந்ததும் மெல்ல அணைந்தன. மண்ணெண்ணெயை வடித்தெடுக்கும்போது உடன் வந்த மற்றொரு நீர்மத்தை அன்று வேண்டுவார் இல்லை; கழிவென்று கொட்டினர். அந்தக் கழிவின் பெயர்தான் பெட்ரோல்.

கழிவென்று கொட்டப்பட்ட பொருள் பின்னர் உலகையே ஆண்டது. இன்று உலகம் நாள்தோறும் ஏறத்தாழ 10 கோடிப் பீப்பாய் எண்ணெயைச் செலவிடுகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். லாரியும் கப்பலும் வானூர்தியும் மட்டுமல்ல, சாலையின் தாரும் அடுக்களையின் பிளாஸ்டிக் டப்பாவும் மருத்துவமனையின் ஊசிக்குழலும் இவ்வெண்ணெயின் வழிவந்தனவே.

இத்தகைய பொருளை விட்டு உலகம் விலகத் தொடங்கியுள்ளது. சூரிய மின்தகடுகளின் விலையும் மின்கலங்களின் விலையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. சீனத்தில் 2024ஆம் ஆண்டு விற்ற புதிய மகிழுந்துகளில் ஏறத்தாழ பாதி, மின்சாரத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ ஓடுபவை. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை விட்டு விலக வேண்டும் என்று உலக நாடுகள் முதன்முறையாக ஒப்புக்கொண்டன. எண்ணெயால் செழித்த வளைகுடாவிலேயே அவ்வொப்புதல் எழுந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முத்தின் முடிவு

எண்ணெய்க் காலத்தின் முடிவு என்றவுடன், கிணறுகள் வற்றிவிடும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. எண்ணெய் நிலத்தின் அடியில் இருக்கும், வாங்குவார் குறைவர். வற்றிய கிணற்றைவிட வாங்குவாரற்ற கிணறு கொடிது. வற்றுவதை அளந்து அறியலாம். பிறர் மனம் மாறும் நாளை எவரும் அளந்து சொல்ல இயலாது.

இதனை வளைகுடா நாடுகள் ஒருமுறை பட்டறிந்துள்ளன. எண்ணெய்க்கு முன் குவைத், பஹ்ரைன், கத்தார், அபுதாபி, துபாய் ஆகிய கரைகளின் வாழ்வு முத்துக்குளிப்பில் இருந்தது. கோடை மாதங்களில் ஆடவர் படகேறிச் சென்று, மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுப்பர். படகுத் தலைவனிடம் வாங்கிய முன்பணம் கடனாய் வளர்ந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதும் உண்டு. முத்துகள் பம்பாய்ச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி என்பவர் 1893ஆம் ஆண்டு சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் முயற்சியில் வெற்றி கண்டார். 1920களில் வளர்ப்பு முத்து சந்தைக்குப் பெருமளவில் வந்தது. 1929ஆம் ஆண்டின் பெரும் பொருளாதாரச் சரிவும் உடன் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அக்கரைகளில் வறுமை சூழ்ந்தது. கடலில் சிப்பி அப்படியே இருந்தது. முத்து தீரவில்லை, முத்தை வாங்குவார் தீர்ந்தனர்.

1932ஆம் ஆண்டு பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1938இல் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் கிடைத்தது. ஒரு செல்வம் போன சில ஆண்டுகளில் மறு செல்வம் வந்தது நற்பேறு. நற்பேறு இரண்டாம் முறையும் வரும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இதுவே: செல்வம் பெருகிக்கொண்டிருக்கும் நாளிலேயே, அதன் முடிவுக்கு ஒரு சமுதாயம் ஆயத்தமாக முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றாக உலகம் காட்டும் நாடு நார்வே. அந்நாடு செய்ததையும், செய்யாமல் விட்டதையும் ஒருசேரக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பஸ்ராவிலிருந்து வந்தவர்

1968ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு காலைப்பொழுதில், நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் ஓர் ஈராக்கியர் வந்து இறங்கினார். பெயர் ஃபாரூக் அல்-காசிம்; பிறந்த ஊர் பஸ்ரா; எண்ணெய் நிலவியல் அறிஞர். ஈராக் பெட்ரோலியக் கம்பெனியில் உயர்ந்த பணியில் இருந்தவர். அவர் மனைவி நார்வே நாட்டவர். இளைய மகனுக்கு மூளை முடக்குவாதம். அதற்கான சிகிச்சை நார்வேயில்தான் கிடைக்கும் என்பதால், நல்ல பணியையும் பிறந்த மண்ணையும் விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தார். மனைவியின் ஊருக்குச் செல்லும் ரயில் மாலையில்தான். இடைப்பட்ட நேரத்தை வீணாக்க மனமின்றி, அவர் தொழில் அமைச்சகத்துக்கு நடந்து சென்றார். நார்வேயில் எண்ணெய் தேடும் கம்பெனிகளின் பட்டியல் கிடைக்குமா, வேலைக்கு எழுதிப் பார்க்கலாம் என்பதே அவர் கேட்டது.

அமைச்சகத்தில் எண்ணெய்த் துறையைக் கவனித்தவர் மிகச் சிலர். வட கடலில் கம்பெனிகள் தோண்டிய கிணறுகளின் ஆய்வு முடிவுகள் அவர்களிடம் குவிந்திருந்தன. அவற்றைப் படித்துப் பொருள் கூற வல்லார் இல்லை. வேலை தேடி வந்தவரையே அவர்கள் அப்பணியில் அமர்த்திக்கொண்டனர். தேடிய மருந்து தெருவாசலுக்கே வந்தது போன்ற நிகழ்ச்சி அது.

அதற்கு முன் பத்தாண்டுகளின் செய்தியையும் அறிதல் வேண்டும். 1958ஆம் ஆண்டு நார்வேயின் நிலவியல் ஆய்வகம், தன் நாட்டுக் கரையை ஒட்டிய கடலடியில் எண்ணெயோ நிலக்கரியோ கிடைக்கும் என்னும் எண்ணத்தையே விட்டுவிடலாம் என்று எழுதியது. மறு ஆண்டே நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரும் எரிவாயு வயல் வெளிப்பட்டது. கம்பெனிகளின் கண்கள் வட கடல் மீது திரும்பின. 1962இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்னும் அமெரிக்கக் கம்பெனி, மாதம் 1,60,000 டாலர் தருவதாகக் கூறி, நார்வேக் கடற்பரப்பில் தேடும் தனியுரிமையைக் கேட்டது. எண்ணெய் உண்டு என்று தெரியாத நிலையில் அது பெருந்தொகை. ஆயினும் முழுக்கடலையும் ஒருவர் கையில் கொடுக்க அரசு இசையவில்லை. 1963இல் அக்கடலடி நாட்டுக்கு உரியது என்று அறிவித்துவிட்டு, பின்னர் பகுதி பகுதியாகப் பலருக்கு உரிமம் அளித்தது.

இத்தெளிவு ஒரு நாளில் வந்ததன்று. நார்வேயில் அருவிகள் மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் மின்சாரம் எடுக்க அயல்நாட்டுச் செல்வர்கள் அருவிகளை வாங்கத் தொடங்கியபோது, 1906இலும் 1909இலும் சட்டங்கள் இயற்றினர். தனியார் அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் 60 முதல் 80 ஆண்டுகளில் அருவியும் அணையும் விலையின்றி அரசுக்கு மீள வேண்டும் என்பது நெறி. இயற்கையின் கொடை எவர் ஒருவர்க்கும் நிலையான உடைமையன்று என்னும் இவ்வெண்ணம் அருவியில் தோன்றி, அறுபது ஆண்டுகளுக்குப் பின் எண்ணெயில் பயன் தந்தது.

1969 டிசம்பரில், கிறிஸ்துமசுக்குச் சற்று முன்னர், எக்கோஃபிஸ்க் என்னும் பெருவயல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அரசுக்கு வந்தது. பல வெற்றுக் கிணறுகளால் சலித்த கம்பெனி விலக எண்ணியிருந்த நேரம் அது.

அளந்து எடுத்தல்

எண்ணெய் கிடைத்ததும் நாடு முதலில் செய்தது விதி வகுத்தல். 1971 ஜூன் மாதம் நாடாளுமன்றம் பத்து நெறிகளை ஏற்றது. அவை எண்ணெயின் பத்துக் கட்டளைகள் என்றே வழங்குகின்றன. கடலடி வளம் முழுதும் நாட்டின் மேற்பார்வையில் இருத்தல் வேண்டும். அதனால் புதிய தொழில்கள் வளர வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கும் இயற்கைக்கும் ஊறு நேராமல் காக்க வேண்டும். எண்ணெயோடு வரும் எரிவாயுவை, குறுகிய காலச் சோதனை தவிர, வீணே எரித்துவிடக் கூடாது என்பன அவற்றுட் சில. வாயுவை எரிப்பது கம்பெனிக்கு எளிது. குழாய் அமைத்துக் கொண்டுவருவது பெருஞ்செலவு. ஆயினும் அவ்விதி நின்றது. மூன்று ஆண்டுகளின் பின் வந்த அரசின் அறிக்கை, எண்ணெயை விரைந்து எடுக்காமல் மிதமான வேகத்தில் எடுப்பதே நாட்டுக்கு நன்று என்று கூறியது.

ஃபாரூக் அல்-காசிம் புதிதாக அமைந்த பெட்ரோலிய இயக்குநரகத்தில் 1973 முதல் 1990 வரை வள மேலாண்மையைக் கவனித்தார். எக்கோஃபிஸ்க் வயல் சுண்ணப் பாறையில் அமைந்தது. அதில் உள்ள எண்ணெயில் நூற்றுக்குப் பதினேழு பங்கே வரும் என்பது தொடக்கக் கணிப்பு. எஞ்சியது பாறையிலேயே தங்கிவிடும். பாறைக்குள் நீரைச் செலுத்தினால் மேலும் எண்ணெய் வரும் என்று வற்புறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். 1987இல் நீர் செலுத்துதல் தொடங்கியது. இன்று அவ்வயலில் பாதிக்கு மேல் எடுக்க இயலும் என்பது கணிப்பு. ஒரு பொருளை எடுப்பதென்று முடிவு செய்தால், அதனைச் சிந்தாமல் சிதறாமல் எடுப்பதும் ஓர் ஒழுக்கம்.

இவ்வளர்ச்சிக்கு உயிர்விலையும் கொடுக்கப்பட்டது. 1980 மார்ச் 27 அன்று, வட கடலில் தொழிலாளர் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மேடை, கால் முறிந்து கவிழ்ந்தது. 123 பேர் மாண்டனர். அந்நாட்டின் செல்வத்தைப் புகழும்போது அவர்களையும் நினைத்தல் கடன்.

அளந்து செலவிடுதல்

நார்வேயர் பிறவியிலேயே சிக்கனர் என்று எண்ணிவிடலாகாது. 1970களில், வரவிருக்கும் எண்ணெய்ப் பணத்தை நம்பி அரசு கடன் வாங்கியது. கூலியும் விலையும் ஏறின. 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது நாடு தள்ளாடியது. அந்த அடியே அறிவைத் தந்தது. அண்டை நாடான நெதர்லாந்தின் பட்டறிவும் கண்முன் இருந்தது. அங்கு எரிவாயு வருமானம் பெருகியதும் நாணயத்தின் மதிப்பு ஏறி, ஏனைய தொழில்கள் நலிந்தன. அதற்குப் பொருளியலார் இட்ட பெயர் டச்சு நோய்.

1990இல் எண்ணெய் நிதியத்துக்குச் சட்டம் இயற்றினர். அதில் போடப் பணம் மிஞ்சியது 1996ஆம் ஆண்டில்தான். எண்ணெய்க் கம்பெனிகளின் ஆதாயத்தில் நூற்றுக்கு 78 பங்கு வரியாக வருகிறது. அவ்வருமானம் நேரே செலவுக்குப் போவதில்லை, நிதியத்தில் சேர்கிறது. நிதியம் அப்பணத்தை உள்நாட்டில் இடுவதில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இடுகிறது. அரசு எடுத்துச் செலவிடத்தக்கது அதன் எதிர்பார்க்கும் ஆதாயம் மட்டுமே. 2001இல் நூற்றுக்கு நான்கு என்று வகுத்த அவ்வரம்பை, 2017இல் மூன்றாகக் குறைத்துக்கொண்டனர். செல்வம் பெருகப் பெருகக் கையைச் சுருக்கிக்கொண்ட அரசுகள் உலகில் அரியன. நெல்லை விதைக்கென்று கோட்டை கட்டி வைத்துவிட்டு, விளைச்சலை மட்டும் உண்ணும் உழவனின் நெறி இது.

2024ஆம் ஆண்டின் முடிவில் நிதியத்தின் மதிப்பு 19.7 லட்சம் கோடி குரோனர். நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 55 லட்சம். கணக்கிட்டால் தலைக்கு 35 லட்சம் குரோனருக்கு மேல். அம்மதிப்பில் பாதிக்கு மேல் எண்ணெயால் வந்ததன்று. முதலீட்டின் ஆதாயத்தால் வந்தது. எண்ணெய் நாளையே நின்றாலும் அந்நிதியம் நிற்கும். எதில் முதலிடுவது என்பதற்கும் 2004இல் நெறி வகுத்தனர். புகையிலை செய்யும் நிறுவனங்களையும், பின்னர் நிலக்கரியை மிகுதியும் சார்ந்தவற்றையும் விலக்கினர்.

எதிர்நிலையில் வெனிசுலா நிற்கிறது. 1922 டிசம்பரில் மரக்காய்போ ஏரிக்கரையில் ஒரு கிணறு பீறிட்டு, ஒன்பது நாள்கள் வானளாவ எண்ணெயைப் பொழிந்தது. உலகில் உறுதி செய்யப்பட்ட எண்ணெய் இருப்பில் முதலிடம் அந்நாட்டுக்கே. எண்ணெய்ப் பணத்தை உழவிலும் தொழிலிலும் விதைக்க வேண்டும் என்று 1936ஆம் ஆண்டிலேயே ஆர்த்துரோ உஸ்லார் பியேத்ரி என்னும் எழுத்தாளர் எழுதினார். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பேரஸ் அல்போன்சோவும் தம் முதுமையில் எண்ணெய்ச் செல்வத்தால் வரும் கேட்டைக் கடுமையாக எச்சரித்தார். அறிவு அங்கும் இருந்தது, கேட்பார் இல்லை. 2014இல் விலை சரிந்தது. ஆட்சியின் பிழைகளும் பின்னர் அமெரிக்கத் தடைகளும் சேர்ந்தன. பணத்தின் மதிப்பு கரைந்தது. 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி எந்நாட்டுக்கும் பொருந்தும்.

மகிழுந்து கற்பித்தது

எண்ணெய் விற்ற நார்வேயே, எண்ணெயின்றி ஓடும் வண்டிகளில் உலகுக்கு வழிகாட்டியாயிற்று. 1989ஆம் ஆண்டு, பெல்லோனா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடரிக் ஹௌகேயும், 'ஆ-ஹா' இசைக்குழுவின் கலைஞர்களும், மின்சாரத்தால் ஓடுமாறு மாற்றிய சிறிய ஃபியட் மகிழுந்து ஒன்றை நாட்டுக்குள் கொண்டுவந்தனர். புகை விடாத வண்டிக்குச் சுங்கம் ஏன் என்று கேட்டு, சுங்கச் சாவடிகளில் கட்டணம் செலுத்த மறுத்தனர். அபராதம் விதிக்கப்பட்டது, அதையும் கட்டவில்லை. வண்டி பறிமுதலாகி ஏலம் விடப்பட்டது. நாடு முழுதும் இச்செய்தி பேசப்பட்டது.

அரசு மெல்ல மெல்ல இசைந்தது. 1990இல் இறக்குமதி வரி நீங்கியது. 1997இல் சாலைச் சுங்கம் நீங்கியது. 2001இல் மதிப்புக்கூட்டு வரி நீங்கியது. பின்னர்ப் பேருந்துத் தடத்தில் செல்லவும் இசைவு கிடைத்தது. பெட்ரோல் வண்டிகளுக்கோ வரி மிகுதி. 2025க்குள் விற்கும் புதிய மகிழுந்துகள் அனைத்தும் புகையற்றனவாதல் வேண்டும் என்று 2017இல் நாடாளுமன்றம் இலக்கு வைத்தது. 2024இல் விற்ற புதிய மகிழுந்துகளில் நூற்றுக்கு 89 மின்சாரத்தால் மட்டுமே ஓடுபவை. அவ்வாண்டு செப்டம்பரில், அந்நாட்டில் ஓடும் பெட்ரோல் மகிழுந்துகளின் எண்ணிக்கையை மின்சார மகிழுந்துகளின் எண்ணிக்கை விஞ்சியது.

குளிர்நாட்டில் மின்கலம் உழைக்காது என்றவர்களுக்கு இது விடை. ஆயினும் இருபொருளை மறக்கலாகாது. ஒன்று, இம்மாற்றத்துக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. மற்றொன்று, அந்நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவு அருவி நீரால் வருவது. நிலக்கரியால் மின்சாரம் எடுக்கும் நாட்டில், புகை வண்டியின் வாலிலிருந்து மின்நிலையத்தின் கூண்டுக்கு இடம் மாறுவதும் உண்டு. வண்டியை மாற்றுவதோடு மின்சாரம் பிறக்கும் இடத்தையும் மாற்றினால்தான் மாற்றம் நிறைவு பெறும்.

கணக்கில் வராத புகை

இனி, புகழின் மறுபக்கம். 2019 அக்டோபரில் ஜோஹான் ஸ்வெர்ட்ரூப் என்னும் பெரிய எண்ணெய் வயல் வட கடலில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மேடைகளுக்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்து கம்பி வழியே செல்கிறது, தூய மின்சாரம். அதனால் உலகிலேயே மிகக் குறைந்த புகையோடு எடுக்கப்படும் எண்ணெய்களுள் அதுவும் ஒன்று. ஆனால் எடுத்த எண்ணெய் எரியும் இடம் நார்வே அன்று. அதை வாங்கிய நாடு. பன்னாட்டுக் கணக்கு முறைப்படி புகை எரித்தவர் ஏட்டில் எழுதப்படும். விற்றவர் ஏட்டில் வராது. தன் தெருக்களில் புகையின்றி வாழும் நாடு, புகையை விற்றே அவ்வாழ்வைப் பெற்றது என்பது கசப்பான உண்மை.

இதை அயலார் சொல்வதைவிட அந்நாட்டு இளைஞரே உரக்கச் சொன்னார்கள். வடக்கே பாரன்ட்ஸ் கடலில் புதிய உரிமங்கள் அளித்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. இளைஞர் அமைப்பும் அதில் ஒரு தரப்பு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே மாதம் அண்டை நாடான டென்மார்க், இனிப் புதிய உரிமம் இல்லை, 2050இல் வட கடல் உற்பத்தியை முடித்துவிடுவோம் என்று முடிவெடுத்தது. நார்வே அவ்வாறு நாள் குறிக்கவில்லை.

இதில் எளிய தீர்ப்புக் கூறுவது அறமாகாது. எண்ணெய்த் தொழிலின் தலைநகரான ஸ்டாவாங்கரில், 2014இன் விலைச் சரிவால் பல்லாயிரவர் வேலை இழந்தனர். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து, ஐரோப்பாவுக்கு வந்த ரஷ்ய எரிவாயு குறைந்தபோது, குளிரில் வாடிய வீடுகளுக்கு நார்வேயின் வாயுவே பெருந்துணையாயிற்று. விற்பவரின் பிழையைச் சொல்வார், வாங்குவாரின் தேவையையும் எண்ண வேண்டும். ஆயினும் ஒன்று கேட்கலாம். முடிவுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கும் நாடே முதலில் நிறுத்த இயலவில்லையெனில், பணமே சேர்க்காத நாடுகள் எவ்வாறு நிறுத்தும்?

அந்நாடுகளின் நிலை அஞ்சத்தக்கது. ஃபாரூக் அல்-காசிம் பிறந்த ஈராக்கில் அரசின் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவு எண்ணெயிலிருந்து வருகிறது. ஆசிரியர் சம்பளமும் முதியோர் ஓய்வூதியமும் அதை நம்பியே உள்ளன. அவர் நார்வேயில் எரிக்கவிடாமல் காத்த அதே வாயு, பஸ்ராவைச் சூழ்ந்த வயல்களில் இரவும் பகலும் வானில் எரிந்துகொண்டிருப்பதை உலகம் ஆண்டுதோறும் காண்கிறது. 2018இல் அந்நகரத்துக் குடிநீர் கெட்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குச் சென்றனர். மண்ணின் அடியில் எண்ணெய். மண்ணின் மேல் குடிக்க நீர் இல்லை. ஒரே மனிதரின் அறிவு ஒரு நாட்டில் விளைந்தது. பிறந்த நாட்டில் போரும் ஆட்சியின் கேடும் அத்தகைய அறிவுக்கு இடம் தரவில்லை. குறைவு அறிவில் அன்று, அதை ஏற்கும் ஆட்சியிலும் ஒழுக்கத்திலும்தான்.

புதிய பொருள், பழைய ஆசை

எண்ணெய்க்குப் பின் வரும் உலகு துன்பமற்ற உலகாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. மின்கலங்களில் பலவற்றுக்குக் கோபால்ட் வேண்டும். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைத்தோண்டல் குழிகளில் சிறுவர்களும் உழைப்பதை மனித உரிமை அமைப்புகள் பலமுறை வெளிப்படுத்தியுள்ளன. சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் பரப்பில், லித்தியத்துக்காக நிலத்தடி உவர்நீரை இறைத்து வெயிலில் வற்றவிடுகின்றனர். நீர் அரிதான பாலையில் வாழும் தொல்குடிகள் அதனால் கவலை கொண்டுள்ளனர். திமிங்கிலத்தின் நெய்யை விட்டு மண்ணெண்ணெய்க்கு மாறியபோதும், ஒரு துன்பம் நீங்கியது. மற்றொரு துன்பம் தொடங்கியது. இம்முறையாவது அதனைத் தொடக்கத்திலேயே கண்டு தடுத்தல் வேண்டும். கோபால்ட் இல்லாத மின்கலங்கள் பெருகி வருவதும், பழைய மின்கலங்களிலிருந்து உலோகங்களை மீட்கும் தொழில் வளர்வதும் நற்குறிகள்.

இந்தியாவுக்கு இம்மாற்றம் இருமுகம் கொண்டது. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. அச்செலவு குறைந்தால் பெரும் ஆறுதல். அதே நேரத்தில் வளைகுடாவில் உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் குடும்பங்கள் தமிழகத்திலும் கேரளத்திலும் மிகப் பல. அங்கே எண்ணெய் வருமானம் சுருங்கினால், இங்கே எத்தனையோ வீடுகளின் படிப்புச் செலவும் திருமணச் செலவும் சுருங்கும். இன்று வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞர், எண்ணெய் நின்றாலும் நிற்கும் ஒரு தொழிலைக் கையில் கொண்டு செல்வது நன்று. அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை விதைநெல்லாக வைப்பதும் நன்று. நார்வே ஒரு நாடாகச் செய்ததை ஒரு குடும்பம் தன் அளவில் செய்ய இயலும்.

பெரியோர்களே, எண்ணெய்க்குப் பின் வரும் உலகைப் பொறியியலார் கட்டித் தருவர். சூரியத் தகடும் மின்கலமும் காற்றாலையும் அவர்கள் பணி. ஆனால் எடுக்கும்போது அளவு, செலவிடும்போது அளவு, பின்வருவோர்க்கென்று ஒரு பங்கு, பிறர் துன்பத்தையும் தன் கணக்கில் எழுதும் நேர்மை ஆகிய நான்கும் பொறியால் வருவன அல்ல. முதல் மூன்றையும் நார்வே பெரிதும் கற்றுக்கொண்டது. நான்காவதில் இன்னும் தடுமாறுகிறது. பெட்ரோலுக்குப் பதிலாக மின்சாரத்தை ஊற்றி, அளவற்ற ஆசையை மட்டும் அப்படியே ஓடவிட்டால், அடுத்த நூற்றாண்டில் கோபால்ட்டின் முடிவைப் பற்றி வேறொரு அவையில் வேறொருவர் பேச நேரும்.

பஸ்ராவில் பிறந்து ஓஸ்லோவில் ரயிலுக்குக் காத்திருந்த அறிஞர், அந்த ஒரு பகற்பொழுதை வீணாக்கவில்லை. எண்ணெய்க் காலத்துக்கும் அதற்குப் பின் வரும் காலத்துக்கும் இடையே மனித இனத்துக்கும் அத்தகைய ஓர் இடைப்பொழுது வாய்த்துள்ளது. அதைப் பயன்படுத்திக்கொள்வது இந்தத் தலைமுறையின் கடமை.